மலைநாடும் படச்சுருளும் – 9: மஞ்சள் பூசிய முகம் கறுத்த விதம்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பழைய தோட்டப் படங்களை வரிசையாகப் பரப்பிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று கண்ணில் படும். சரிவு முழுக்கத் தேயிலை. நடுவில் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக ஒரு துரை. அவருக்குப் பின்னால் கூடை போட்ட பெண்கள் வரிசை. துரையின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். பெண்களின் முகத்திலோ மூக்கு எங்கே முடிகிறது, வாய் எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடாது. இதற்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் நடமாடுகின்றன. மலையில் வெயில் காய்ந்தவர்கள், அவ்வளவு கறுப்பாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது ஒன்று. வெள்ளைக்காரன் வேண்டுமென்றே அப்படிப் பிடித்தான் என்பது மற்றது. முதல் விளக்கம் படத்தை அப்படியே நம்பிவிடுகிறது. இரண்டாவது, படம் பிடித்தவரின் மனதோடு நின்றுவிடுகிறது. பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. அந்தத் தகட்டுக்கு எந்த நிறம் தெரியும், எது தெரியாது என்று முதலில் கேட்காமல் ஊவாவின் புகைப்பட வரலாற்றை எழுத முடியாது என்பதுதான் இந்தப் பகுதியில் நான் வைக்கும் வாதம். இன்றைக்கும் பிலிம் போட்டுப் படம் எடுக்கிறவர்களுக்கு, டார்க்ரூமில் கை நனைத்தவர்களுக்கு, இந்த வரலாற்றில் பேச மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதல் உரிமை உண்டு என்றுகூடச் சொல்வேன்.

1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறைதான் அடுத்த முப்பது ஆண்டுகள் உலகெங்கும் செல்லுபடியானது. கண்ணாடியில் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். கிடைப்பது பத்து நிமிடம். வெயில் ஏறினால் அதுவும் இல்லை. அந்தத் தொல்லையைப் பற்றி எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. அதன் நிறக்குருட்டைப் பற்றி எழுதுவது குறைவு. ஈரத்தகட்டுக்கு நீலமும் ஊதாவும், நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாவும் மட்டுமே தெரியும். பச்சை அதற்கு ஏறக்குறைய இருட்டு. மஞ்சளும் சிவப்பும் முழு இருட்டு. மனிதத் தோல் எந்த நாட்டிலும் சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம்தான். அதிலும் மாநிறத் தோல் நீல ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. ஆகவே நேரில் மாநிறமாக இருந்தவர் தகட்டில் கறுத்துப்போனார். துரையின் சிவந்த முகமும் ஓரளவு கறுக்கத்தான் செய்தது. வெள்ளைக்காரப் பெண்களின் கன்னத்துப் புள்ளிகள் தகட்டில் கறுத்து எழும்பும் என்பதால் லண்டன் ஸ்டூடியோக்களில் பவுடர் பூசவும், நெகட்டிவைப் பென்சிலால் திருத்தவும் ஆள் இருந்தார்கள்.

நம் பெண்களுக்கு வருவோம். குளித்து, முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, பொன் மூக்குத்தியோடு கமரா முன் வந்து நின்ற ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். படம் பிடிக்கப் போகிறார்கள் என்பதற்காகவே அன்று கொஞ்சம் தாராளமாக மஞ்சள் பூசியிருக்கலாம். நீலத்தை விழுங்கிவிட்டு மற்ற ஒளியைத் திருப்பி அனுப்புகிற பொருள்தான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அந்தத் தகட்டுக்கோ நீலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. பார்ப்பவர் கண்ணுக்கு முகத்தை மினுக்கிக் காட்டிய அதே பூச்சு, தகட்டுக்குக் கரியைப் பூசியதாயிற்று. குங்குமம் நெற்றியில் ஒரு கறுப்பு ஓட்டை. பொன் மூக்குத்தி மங்கிப்போன ஒரு புள்ளி. பக்கத்தில் நின்ற துரையின் வெள்ளைத் துணி நீலத்தை முழுசாகத் திருப்பி அனுப்பித் தகட்டில் பளீரென்று விழுந்தது. அந்தத் துணி வெளிறிப்போகாமல் இருக்க வேண்டுமென்று ஒளியை அளந்தால், முகங்கள் இன்னும் இரண்டு படி கீழே இறங்கின.

இங்கே காலத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்தகட்டுக் காலத்தில் ஊவாவின் தலைநகர் பதுளை சுலபமாக எட்டக்கூடிய ஊராக இருக்கவில்லை. ஸ்கீன் கம்பெனி 1860களில் கொழும்பிலும், சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியிலும் புகைப்படக் கடை விரித்தார்கள். கண்ணாடிப் பெட்டியையும் இரசாயனப் போத்தல்களையும் இருட்டுக் கூடாரத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றி மலைத்தொடரைத் தாண்டி ஊவாவுக்கு இறங்குவது செலவும் ஆபத்தும் பிடித்த வேலை. ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல், பண்டாரவளைக்கு 1894இல். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். கண்டி, திம்புள்ளைப் பக்கம் கோப்பிக் காலத்துப் படங்கள் கிடைக்கும் அளவுக்கு ஊவாவில் கிடைக்காததற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். ஊவா பெருமளவில் கமராவுக்குள் வந்தது தேயிலையோடும் உலர்தகட்டோடும். சேர் தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கியபோது, ஜெலட்டின் பூசிப் பெட்டியில் அடைத்த தகடு கடையில் விற்பனைக்கு வந்து பத்தாண்டு ஆகியிருந்தது. துரைமாரே பொழுதுபோக்காகப் படம் பிடிக்கத் தொடங்கிய காலம் அது. கொழும்புப் புத்தக வியாபாரி ஹென்றி கேவ் தானே எடுத்த படங்களோடு தேயிலையைப் பற்றி ‘கோல்டன் டிப்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டது 1900இல். ஆர்னோல்ட் ரைட் தொகுத்த, தூக்கவே கை வலிக்கும் இலங்கைப் பெருநூல் வந்தது 1907இல்.

அப்படியானால் உலர்தகடு வந்ததும் குருடு நீங்கிவிட்டதா? இல்லை. சாதாரண உலர்தகடும் நீலத்தை மட்டுமே கண்டது. பூச்சில் சாயம் சேர்த்தால் தகட்டுக்கு மற்ற நிறங்களும் புலப்படும் என்று ஜெர்மனியில் வோகல் 1873இல் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த ஓர்தோகுரோமெட்டிக் தகடுகள் 1880களில் விற்பனைக்கு வந்தன. அவற்றுக்குப் பச்சையும் ஓரளவு மஞ்சளும் தெரியும்; சிவப்பு தெரியாது. எல்லா நிறமும் தெரிகிற பான்குரோமெட்டிக் தகட்டை ராட்டன் அன்ட் வெயின்ரைட் கம்பெனி 1906இல் விற்கத் தொடங்கியது. ஆனால் அதைச் சிவப்பு விளக்கில்கூடத் திறக்க முடியாது, முழு இருட்டில் கழுவ வேண்டும். பழகிய கைகள் பழைய தகட்டை விடவில்லை. சாதாரண மக்கள் வாங்கிய ரோல் பிலிமின் கதை இன்னும் நீளம். கொடக் 1931இல் கொண்டுவந்த வெரிகுரோம் பிலிம் சிவப்புத் தெரியாத வகை. அதன் இடத்தில் வெரிகுரோம் பான் வந்தது 1956இல். பெட்டிக் கமராவில் தோட்டத்துப் படம் எடுத்த ஒருவர், இலங்கை சுதந்திரம் பெற்று எட்டு ஆண்டு கழித்தும் சிவப்பு தெரியாத பிலிமையே போட்டுக்கொண்டிருந்திருக்க முடியும். மஞ்சள் பூசிய முகத்துக்கு இந்த மாற்றத்தில் கொஞ்சம் விமோசனம் கிடைத்தது. மாநிறத்துக்கும் குங்குமத்துக்கும் கிடைக்கவில்லை.

நிலத்துக்கும் இதே கதிதான். நீலம் மட்டும் தெரியும் தகட்டில் தேயிலைச் செடி கறுத்த மேடாகிவிடும். கொழுந்தின் இளம்பச்சைக்கும் முற்றிய இலையின் கடும்பச்சைக்கும் இடையிலுள்ள வித்தியாசம், பறிக்கிறவளின் விரல் நாள் முழுக்கத் தேடுகிற அந்த வித்தியாசம், படத்தில் அழிந்துபோகும். தூரத்து மலைகளில் படிகிற மூட்டத்தில் நீலமும் புறஊதாவும் அதிகம் என்பதால், நமுனுகுலைபோல 2,000 மீற்றருக்கு மேல் எழுந்த மலைகூட வெள்ளை வானத்தில் கரைந்துவிடும். பனிமூட்டம் சூழ்ந்த ஊவா என்று அஞ்சலட்டைகள் வளர்த்த கற்பனையில் ஒரு பங்காவது தகட்டின் வேலை. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலத்தில் அங்கே வெளிச்சம் எவ்வளவு தெளிவாகவும் கடுமையாகவும் இருக்கும் என்பது அந்தப் பக்கத்தார்க்குத் தெரியும்.

இதை நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கலாம். எச்பி5 போன்ற சாதாரண பான்குரோமெட்டிக் பிலிமைப் போட்டு, கடும் நீல வடிகட்டியான 47ஆம் எண்ணை லென்ஸில் மாட்டி, சுமார் 3 ஸ்டாப் ஒளியைக் கூட்டி ஒரு படமும், வடிகட்டி இல்லாமல் ஒரு படமும் எடுங்கள். முன்னால் நிற்பவர் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருக்கட்டும். பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நிற்கட்டும். இரண்டையும் ஒரே தாளில், ஒரே நேரக் கணக்கில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் 1890க்கும் இன்றைக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். சிவப்பு மட்டும் தெரியாத இடைக்காலத்தைப் பார்க்க வேண்டுமானால் இல்போர்ட் 2019இல் 35 மில்லிமீற்றரிலும் 120இலும் கொண்டுவந்த ஓர்தோ பிளஸ் போதும். பகல் ஒளியில் அதன் வேகம் 80. மின்குமிழ் வெளிச்சத்தில் பாதியாக இறங்கிவிடும், ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் மிகுந்திருப்பது அதற்குத் தெரியாத சிவப்பு. டெவலப்பருக்கு வேண்டிய 20 பாகை செல்சியஸைக் கொழும்பில் ஐஸ் போட்டுத்தான் எட்ட வேண்டும். பண்டாரவளையின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ அதுதான். படம் கழுவுவதற்கு மலைநாட்டைப் போன்ற இடம் கிடையாது என்று ஊவாக்காரர் கொஞ்சம் பெருமையே பட்டுக்கொள்ளலாம்.

இப்போது எதிர்வாதங்கள். முதலாவதும் கனமானதும் இது: அதிகாரத்தைப் பேச வேண்டிய இடத்தில் இரசாயனத்தைப் பேசி வெள்ளைக்காரரைத் தப்பவிடுகிறாய். பெண்களை வரிசையில் நிறுத்தியது எந்தத் தகடு? பேரைக் குறிக்காமல் விட்டது எந்தச் சாயம்? கேள்வி நியாயமானது. வரிசை ஈரத்தகட்டுக் காலத்தில் தேவையாக இருந்தது. சில விநாடி அசையாமல் நிற்கக் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணியில், நிற்பதுபோல் நிறுத்துவதே சுலபம். ஆனால் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கில் படம் விழத் தொடங்கிய பிறகும் வரிசை கலையவில்லை. கொழுந்து மேல் நீட்டிய கை அப்படியே நின்றது. பெரட்டுக் களம் படத்துக்குள்ளும் வந்துவிட்டது, அவ்வளவுதான். பேர் விஷயம் இன்னும் தெளிவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது, மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த முறைக்கு முகம் தேவைப்படவில்லை. அதே காலத்தில், 1900 முதல் தியத்தலாவையில் அடைக்கப்பட்டிருந்த சுமார் 5,000 போயர் போர்க் கைதிகளைப் பேர், வயது, ஊரோடு பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அவர்களுடைய குழுப்படங்கள் இன்றும் குடும்ப ஆல்பங்களில் இருக்கின்றன. பத்து மைல் சுற்றளவுக்குள் இருந்த இரண்டு கூட்டம். எதிரிக்குப் பேர் இருந்தது, கூலிக்கு எண் இருந்தது. இதைத் தகட்டின் தலையில் கட்ட எனக்கு உத்தேசமில்லை.

இரண்டாவது எதிர்வாதம் என் வாதத்தையே கூர்மையாக்குகிறது. பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். கணவர் கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். கமரனும் ஈரத்தகட்டில்தான் எடுத்தார். அவர் இங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தமிழ், சிங்களப் பெண்களின் முகம் முகமாகவே இருக்கிறது. இமை தெரிகிறது, உதட்டின் விளிம்பு தெரிகிறது. அதே நிறக்குருட்டுத் தகடு. ஆனால் அவர் கிட்டப் போனார், நிழலில் நிறுத்தினார், வெள்ளைத் துணிக்கல்ல முகத்துக்கு ஒளி கொடுத்தார், நீண்ட நேரம் கொடுத்தார். ஆகவே தகடு சாய்ந்திருந்தது உண்மை. அதை நிமிர்த்தும் வழியும் அன்றே தெரிந்திருந்தது என்பதும் உண்மை. இந்த இடத்தில்தான் அதிகாரம் வருகிறது. தொழிற்சாலையின் ஜன்னலுக்கும் துரையின் சட்டைக்கும் அளந்து ஒளி கொடுத்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஒருத்தியின் முகத்துக்கு அளக்கவில்லை. இரசாயனம் தெரியாதவர் இதைப் பொதுவான வெறுப்பு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார். தெரிந்தவரால் எந்தப் படத்தில், எவ்வளவு ஒளிக்குறைவில், யாருக்காக யாரை விட்டுக்கொடுத்தார்கள் என்று சுட்டிக்காட்ட முடியும். கமரனையும் ஒரேயடியாகப் புகழத் தேவையில்லை. அவருடைய இங்கிலாந்துப் படங்களில் கவிஞர் டென்னிசனுக்குப் பேர் உண்டு, இங்கே எடுத்த பெண்கள் பெரும்பாலும் பேரில்லாமலே நிற்கிறார்கள்.

கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைச் சொல்லி மடக்குபவர்களும் உண்டு. 1930களில் அவர் எடுத்த கறுத்த உடல்கள் ஈரம் மின்ன ஒளிர்கின்றனவே என்பார்கள். அவர் கையில் லைக்காவும் எல்லா நிறமும் தெரிகிற பிலிமும் இருந்தன. அவர் எனக்குச் சாட்சியே தவிர எதிர்ச்சாட்சி அல்ல. 1934இல் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்துக்கு வர்ணனை பேசியதும் வென்ட்தான். விளம்பரத்துக்காக எடுத்த அந்தப் படத்திலேயே முகங்கள் அஞ்சலட்டை முகங்களைவிட எவ்வளவோ துலங்கின. நோக்கம் வணிகமாகவே இருந்தும் பிலிம் மாறியதும் முகம் மாறியது.

ஊவாவின் தோட்ட மக்களுக்குப் பிலிம் உண்மையில் மாறியது எங்கே என்று கேட்டால், நான் கையைக் காட்டுவது துரைமாரின் ஆல்பத்தையோ கொழும்புக் கலைஞரையோ அல்ல; கடைத்தெரு ஸ்டூடியோவை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்குப் போகிறவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். மனைவியையும் பிள்ளைகளையும் ஒரே புத்தகத்தில் சேர்க்கும் வழக்கம் அப்போது இருந்தது. இங்கே தங்குகிறவரையும் சும்மா விடவில்லை. 1968இன் ஆட்பதிவுச் சட்டப்படி தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. அதற்கும் படம் வேண்டும், கறுப்பு வெள்ளையில். 2017இல் புதிய அட்டை வரும் வரை அந்த அட்டையில் கறுப்பு வெள்ளைதான் இருந்தது. போனாலும் இருந்தாலும் ஒருதரம் ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற நிலை மலைநாட்டு வீடுகளுக்கு இப்படித்தான் வந்தது.

அந்த ஸ்டூலின் முன்னால் எரிந்த விளக்கைக் கவனிக்க வேண்டும். டங்ஸ்டன் மின்குமிழின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் குறைவு. உள்ளே போட்டிருந்தது பான்குரோமெட்டிக் பிலிம். இரண்டும் சேர்ந்தால் மாநிறம் கறுப்பதற்குப் பதிலாக ஒரு படி வெளுக்கும். மஞ்சள் பூசிய கன்னம் நேரில்போலவே துலங்கும், குங்குமம்கூடச் சாம்பல் நிறமாகிவிடும். தொண்ணூறு ஆண்டுகளாகத் தகடு எந்த நிறத்தை விழுங்கியதோ, அதே நிறத்துக்கு இந்த அறையில் விளக்கும் பிலிமும் ஒன்றுசேர்ந்து இடம் கொடுத்தன. பாட்டியோடு லயத்தில் பிறந்து வளர்ந்தவரின் கையில் இன்றைக்கு இருக்கிற ஒரே ஒரு தெளிவான பாட்டி படம், பெரும்பாலும் இப்படி ஓர் ஒன்றரை அங்குலச் சதுரமாகத்தான் இருக்கும்.

உடனே ஆட்சேபம் வரும்: அரசாங்கம் ஆளைத் துரத்துவதற்கு எடுக்கச்சொன்ன படத்தையா உருவப்படம் என்கிறாய்? நேராகப் பார், சிரிக்காதே, அசையாதே என்று சொல்லி எடுத்தது போலீஸ் படம் அல்லவா? நோக்கத்தைப் பற்றி எனக்கும் வேறு கருத்து இல்லை. ஒப்பந்தம் பேசியவர்கள் யாரும் அந்த மக்களைக் கேட்டுப் பேசவில்லை. ஆனால் படம் ஒன்றை எடுக்கச் சொன்னவரின் நோக்கத்தோடு அதன் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அஞ்சலட்டைக்கு நின்றவள் துரை கூப்பிட்டதால் வந்தாள், பிரிண்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ஸ்டூடியோவுக்கு வந்தவர் சம்பளப் பணத்தில் காசு கொடுத்தார், நல்ல சேலை, நல்ல சட்டை போட்டார், பிரிண்டை வாங்கிக்கொண்டு போனார், நெகட்டிவ் உறையின் மேல் தன் பேரை எழுதவைத்தார். தகரத் துண்டில் இல்லாத முகமும் அஞ்சலட்டையில் இல்லாத பேரும் ஒரே உறையில் வந்து சேர்ந்தது இங்கேதான். ஸ்டூடியோக்காரர் பென்சிலால் நெகட்டிவைத் திருத்தி முகத்தை வெளுப்பாக்கினாரே, அதுவும் பொய்தானே என்றால், ஆம், பொய்தான். ஈரத்தகடு ஒரு பக்கம் சாய்த்ததை இவர் மறுபக்கம் சாய்த்தார். ஒரு வித்தியாசம், இந்தப் பொய் உட்கார்ந்தவரின் விருப்பத்துக்குச் சொல்லப்பட்டது. அது நல்ல விருப்பமா என்பது வேறு வழக்கு.

ஆகவே ஊவாவின் புகைப்பட ஆவணம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்கள் லண்டன் நூலகங்களுக்குப் போகுமுன் பதுளை, பசறை, வெலிமடை, அப்புத்தளைக் கடைத்தெருக்களில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களின் வீட்டுப் பரணைப் பார்க்க வேண்டும். அதற்கும் அவகாசம் அதிகம் இல்லை. அந்தக் காலப் பிலிமின் அடித்தாள் அசெட்டேற்று. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது தானாகவே அமிலத்தைக் கக்கும். டப்பாவைத் திறந்ததும் வினாகிரி வாடை மூக்கில் ஏறும். ஒரு சுருள் நாறத் தொடங்கினால் பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்பதால் முதல் வேலை நாறுவதைப் பிரித்து வைப்பது. இறுக்கி மூடிய தகர டப்பாவும் பிளாஸ்டிக் பையும் கூடாது. அமிலமில்லாத கடதாசி உறையும் காற்றோட்டமும் வேண்டும். வடகீழ் பருவமழை பிடிக்கும் மாதங்களில் தரையோடு ஒட்டிய அலுமாரியில் வைக்கக் கூடாது. ஊவாவில் லென்ஸிலும் பிலிமிலும் பூஞ்சணம் பூப்பது அந்த மாதங்களில்தான். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டால் மட்டும் போதாது, நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போட வேண்டும். பூஞ்சணம் பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவ நினைப்பது பெரிய ஆபத்து. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்து படத்தோடு போய்விடும். வெள்ளை ஒளிப்பலகை ஒன்றின் மேல் வைத்து, மக்ரோ லென்ஸால் படமெடுத்துக் கணினியில் ஏற்றலாம். ஏற்றிய பின் நெகட்டிவைத் தூக்கிப் போடுவது மட்டும் வேண்டாம். உறையையும் சேர்த்துப் படமெடுங்கள். பேரும் தோட்டமும் டிவிசனும் திகதியும் உறையில்தான் இருக்கின்றன, நெகட்டிவில் இல்லை. பேரை வெளியில் போடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தைக் கேட்பது மரியாதை.

புதிதாகப் பிலிம் பிடிக்க வருகிறவர்களுக்கு இந்த ஆண்டுகள் மோசமில்லை. ஹார்மன் கம்பெனி 2023இல் பீனிக்ஸ் என்ற தன் முதல் நிறப் பிலிமைக் கொண்டுவந்தது. பென்டாக்ஸ் 2024இல் அரைச்சட்டகக் கமரா ஒன்றைப் புதிதாகவே செய்து விற்றது. 36 படச் சுருளில் 72 படம் விழும் என்பதால், பிலிம் விலை ஏறிய இந்த நாளில் அது நம் ஊர்களுக்கு ஏற்ற யோசனை. எந்தக் கமராவானாலும் கொழுந்து மலையில் படம் எடுக்கும்போது ஒளிமானியை முகத்துக்குப் பிடியுங்கள். மலைக்கும் வானத்துக்கும் பிடித்தால் கமரா இன்றைக்கும் துரையின் ஆள்போலத்தான் அளக்கும். வறண்ட காலத்து உச்சி வெயிலில் டெவலப்பர் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வெள்ளையும் தப்பும், முகமும் தப்பும். மஞ்சள்-பச்சை வடிகட்டி ஒன்று பையில் இருந்தால் கொழுந்து முற்றிலையிலிருந்து பிரிந்து தெரியும்.

தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 1984 வரை கப்பல் ஓடியது. பதுளையிலும் பண்டாரவளையிலும் ரயிலேறி, அந்தச் சின்னப் படம் ஒட்டிய புத்தகத்தோடு கடல் தாண்டியவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடி தேயிலையிலேயே குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ கம்பெனியானது. அதே நீலகிரியில், உதகமண்டலத்தில், இந்திய அரசு 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற கம்பெனியை நிறுவி, 1967 முதல் ‘இந்து’ என்ற பேரில் பிலிமும் தாளும் செய்யத் தொடங்கியிருந்தது. குளிரும் தூசியில்லாத காற்றும் பிலிம் பூச்சுக்கு வேண்டும் என்று தேடிப்போய்ப் பிடித்த மலை அது. அந்தத் தொழிற்சாலை எப்படி ஓடியது, எதனால் மூடப்பட்டது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.